அரை மணி நேரம் யாருடையது?

சென்னையில் குறைந்த வருமானத்தில் குடும்பம் நடத்துகிறவர்கள் இரவில் சராசரியாக 8 மணி நேரம் படுத்திருக்கிறார்கள். தூங்குவது ஐந்தரை மணி நேரம்தான். மீதி நேரம் புரள்வதிலும் விழிப்பதிலும் கழிகிறது. பெட்ரோ பெஸோனே, கௌதம் ராவ், ஃபிராங்க் ஷில்பாக், ஹெதர் ஸ்கோஃபீல்டு, மத்தியா டோமா ஆகிய ஐந்து பொருளியலாளர்கள் இந்நகரத்தில் 452 பேரை வைத்து நடத்திய ஆய்வில் தெரிந்தது இது. மணிக்கட்டில் அசைவை அளக்கும் கருவியைக் கட்டி அளந்தார்கள். 2021இல் ‘குவார்ட்டர்லி ஜர்னல் ஆஃப் எகனாமிக்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். படுத்திருக்கும் நேரத்தில் எவ்வளவு பங்கு தூக்கம் என்று பார்த்தால், தூக்க நோய் உள்ளவர்களுக்கு இணையாக இவர்களின் இரவு துண்டுபட்டிருந்தது.

மன அழுத்தத்தைப் பற்றி நாம் வழக்கமாகப் படிப்பது வேறு விதம். மூச்சை இழுத்து விடுங்கள், நல்லதையே நினையுங்கள், செல்போனைத் தள்ளி வையுங்கள் என்று அறிவுரை வரும். அதில் தவறில்லை, பலருக்குப் பயன்படுகிறது. ஆனால் அந்த அறிவுரை முழுவதும் ஒருவரின் மண்டைக்குள்ளேயே நின்றுவிடுகிறது. சென்னையிலும் தமிழ்நாட்டின் கிராமங்களிலும் நடந்த சில ஆய்வுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. அன்றாட அழுத்தத்தில் பெரும்பகுதி, நம் நேரமும் சூழலும் நம் பிடியில் இல்லாததால் வருவது. அந்தப் பிடியைத் திரும்பப் பெறக் காசு செலவாகும். அந்தச் செலவு யார் தலையில் விழுகிறது என்பதைக் கேட்காமல் மகிழ்ச்சியைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை.

துண்டுபட்ட இரவு

இரவு எப்படித் துண்டுபடுகிறது என்பதைச் சென்னையின் சிந்தாதிரிப்பேட்டையில் பார்க்கலாம். 1734இல் கிழக்கிந்தியக் கம்பெனி நெசவாளர்களைக் குடியமர்த்த உண்டாக்கிய பேட்டை அது. கூவம் வளைந்து திரும்பும் இடத்தில், சுங்குராம செட்டியின் தோட்டமாக இருந்த நிலத்தில் தெருக்கள் போடப்பட்டன. தறி போய் வெகுகாலமாகிவிட்டது. இன்று ஒரு பக்கம் ரிச்சி தெருவின் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள், இன்னொரு பக்கம் மீன் மார்க்கெட், தலைக்கு மேல் 1995இல் ஓடத் தொடங்கிய பறக்கும் ரயில். நடுவில், சந்துகளுக்குள் அடுக்கடுக்காக வீடுகள்.

அப்படி ஒரு சந்தில் ஒரே அறையில் நான்கைந்து பேர் பாய் விரிக்கும் வீட்டை எடுத்துக்கொள்வோம். கூவக்கரை என்பதால் கொசு. சன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் கொசு. சுருள் கொளுத்தினால் பாட்டிக்கு இருமல். கரண்ட் போனால் ஃபேன் நிற்கும், எல்லோரும் எழுந்து உட்காருவார்கள். பெரியவன் கடை அடைத்துவிட்டு வரும்போது பதினொன்று தாண்டியிருக்கும். அவன் சாப்பிட லைட்டைப் போட வேண்டும். விடிவதற்கு வெகு முன்பே மார்க்கெட்டுக்கு வண்டி வந்துவிடும். பெட்டி இறக்கும் சத்தம், ஐஸ் உடைக்கும் சத்தம், பேரம். அப்புறம் தண்ணீர் வரும் நேரம். குடத்தோடு யாராவது ஒருவர் எழுந்தே ஆக வேண்டும். இதில் பேரிடர் என்று சொல்ல எதுவுமில்லை. ஆனால் இத்தனை குறுக்கீடும் ஒரே இரவுக்குள் வந்துவிடுகிறது.

தூக்க ஆய்வை நடத்திய அந்த ஐவரும் ஒரு மாத அளவுக்குக் கணினியில் தரவு உள்ளிடும் வேலையைக் கொடுத்துப் பங்கேற்பாளர்களைக் கவனித்தார்கள். ஒரு பகுதியினருக்குத் தூக்கத்தின் நன்மையை எடுத்துச் சொல்லி, மெத்தை, ஃபேன், கண்மறைப்பு, காதடைப்பான் போன்றவற்றையும் கொடுத்தார்கள். தூக்கம் இரவுக்கு 27 நிமிடம் கூடியது. ஆனால் கூடியது எப்படி? அவர்கள் கூடுதல் நேரம் படுத்திருந்தார்கள், அவ்வளவுதான். வேலைத்திறனிலோ, கவனத்திலோ, மனநிறைவிலோ கண்ணுக்குத் தெரியும் மாற்றம் எதுவும் இல்லை. துறை வல்லுநர்களின் எதிர்பார்ப்புக்கு நேர்மாறான முடிவு.

இன்னொரு பகுதியினருக்குப் பிற்பகலில் வேலையிடத்திலேயே அரை மணி நேரம் அமைதியாகத் தூங்க இடம் தரப்பட்டது. வேலைத்திறன் கூடியது, கவனம் கூடியது, மனநிலையும் மேம்பட்டது. துண்டுபட்ட தூக்கத்தை 27 நிமிடம் நீட்டியதால் கிடைக்காதது, குறுக்கீடில்லாத அரை மணி நேரத்தில் கிடைத்தது. இரவுத் தூக்கத்தின் தரம் மோசமாக இருந்ததே இதற்குக் காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் முன்வைக்கும் விளக்கங்களில் ஒன்று.

இந்த ஆய்வின் முக்கியமான வரியை மேற்கோள் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். தூங்கிய அரை மணி நேரம் வேலை நேரத்திலிருந்து கழிந்தது. சும்மா இடைவேளை எடுத்தவர்களைவிடத் தூங்கியவர்கள் அதிகம் சம்பாதித்தார்கள்; ஆனால் அந்த அரை மணி நேரமும் இடைவிடாமல் வேலை செய்தவர்களைவிடக் குறைவாகவே சம்பாதித்தார்கள். செய்த வேலைக்கு ஏற்பக் கூலி என்றால், ஓய்வின் விலையைத் தொழிலாளியே தன் கையிலிருந்து கொடுக்கிறார். தெம்பு வரும் என்று தெரிந்திருந்தும் அவர் படுக்க மாட்டார்.

பெரிய துயரமும் சின்னத் தொல்லையும்

உளவியல் துறை நெடுங்காலம் பெரிய நிகழ்ச்சிகளையே எண்ணிக்கொண்டிருந்தது. 1967இல் தாமஸ் ஹோம்ஸும் ரிச்சர்ட் ராஹேயும் 43 வாழ்க்கை நிகழ்ச்சிகளுக்கு மதிப்பெண் போட்டார்கள். கணவனோ மனைவியோ இறந்தால் 100. விவாகரத்து, வேலை இழப்பு என்று அடுத்தடுத்து இறங்கும் பட்டியல். அதிக மதிப்பெண் சேர்ந்தவருக்கு நோய் வரும் வாய்ப்பும் அதிகம் என்பது அதன் அடிப்படை.

1981இல் ரிச்சர்ட் லசாரஸும் அவருடைய கலிஃபோர்னியா சகாக்களும் கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள். நடுவயதுடைய 100 பேரிடம், மாதாமாதம் அவர்களைப் படுத்திய சின்னத் தொல்லைகளையும் மனம் குளிர்ந்த சின்னச் சந்தோஷங்களையும் குறிக்கச் சொன்னார்கள். தொல்லைப் பட்டியலில் 117. சந்தோஷப் பட்டியலில் 135. பொருளைத் தொலைப்பது, விலைவாசி, வீட்டு வேலை ஒரு பக்கம்; நண்பரோடு பேசுவது, நன்றாகத் தூங்குவது மறுபக்கம். யாருக்கு மனச்சோர்வும் பதற்றமும் வரும் என்பதைப் பெரிய துயரங்களைவிடச் சின்னத் தொல்லைகளே நன்றாக முன்னறிவித்தன. 2013இல் சூசன் சார்ல்ஸ் குழுவினர் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. அன்றாடத் தொல்லைகளுக்கு மனம் அதிகமாக ஆட்டம் காண்கிறவர்களுக்குப் பத்து ஆண்டு கழித்து மனநலச் சிக்கல் வரும் வாய்ப்பு கூடுதல் என்றது.

பெரிய துயரத்துக்கு நம் சமூகத்தில் சடங்கு இருக்கிறது. சாவு வீட்டுக்கு ஊரே வரும். சோறு பொங்கிக் கொண்டுவரும். பதினாறாம் நாள் என்று ஒரு முடிவும் இருக்கிறது. தண்ணீர் வராத காலைக்கு யாரும் துக்கம் கேட்டு வருவதில்லை. அது அன்றைக்கே மறந்து, மறுநாள் மறுபடி தொடங்குகிறது. உடலோ அதை மறப்பதில்லை. ஆபத்தில் சுரக்க வேண்டிய ஹார்மோன்கள் அடிக்கடி சுரப்பதால் உடலில் படியும் தேய்மானத்தை நரம்பியலாளர் புரூஸ் மக்யூவன் 1993 முதல் விளக்கி வந்தார். இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் அந்தத் தேய்மானத்தோடு உறவுள்ளவை.

நிறுத்த முடியாத சத்தம்

தொல்லையின் அளவைவிட, அதை நிறுத்தும் வழி நம் கையில் இருக்கிறதா என்பது முக்கியம். டேவிட் கிளாஸும் ஜெரோம் சிங்கரும் 1972இல் எழுதிய நூலில் இதற்கான சோதனைகள் உள்ளன. எப்போது வரும் என்று தெரியாத பெருஞ்சத்தத்தை ஆட்களின் காதில் ஒலிக்கவிட்டார்கள். ஒரு பகுதியினரிடம் மட்டும் ஒரு பொத்தானைக் காட்டி, தாங்க முடியாவிட்டால் அழுத்துங்கள், சத்தம் நின்றுவிடும் என்றார்கள். பெரும்பாலானோர் அழுத்தவே இல்லை. இருந்தும், சத்தம் ஓய்ந்தபின் கொடுத்த பிழைதிருத்தும் வேலையையும் கடினமான புதிர்களையும் பொத்தான் இருந்தவர்கள் கூடுதல் கவனத்தோடும் பொறுமையோடும் செய்தார்கள். காதில் விழுந்த சத்தம் இரு தரப்புக்கும் ஒன்றே.

ரயில் பாதையோரம் குடியிருக்கும் பேட்டைகளுக்கு இன்னொரு ஆய்வு நேரடியாகப் பொருந்தும். நியூயார்க்கில் மேம்பால ரயிலை ஒட்டிய ஒரு பள்ளியை ஆர்லைன் பிரான்சாஃப்டும் டென்னிஸ் மெக்கார்த்தியும் 1975இல் ஆராய்ந்தார்கள். ரயில் பக்கம் இருந்த வகுப்புகளின் பிள்ளைகள், அதே பள்ளியின் அமைதியான பக்கத்தில் படித்தவர்களைவிட வாசிப்பில் பின்தங்கியிருந்தார்கள். பிறகு தண்டவாளத்தில் ரப்பர் அடித்தட்டுகள் பொருத்தப்பட்டன. வகுப்பறைக் கூரையில் ஒலியை உறிஞ்சும் பலகைகள் போடப்பட்டன. 1981இல் பிரான்சாஃப்ட் மீண்டும் அளந்தபோது அந்த வித்தியாசம் மறைந்திருந்தது. பிள்ளைகளுக்கு யாரும் மன ஒருமைப் பயிற்சி கொடுக்கவில்லை, தண்டவாளத்தைச் சரிசெய்தார்கள்.

தண்டல் வரும் நேரம்

நம் பிடியில் இல்லாதவற்றில் மிகப் பெரியது பணம். மார்க்கெட்டில் தரையில் தட்டு வைத்து மீன் விற்கும் ஒரு பெண்ணின் முற்பகலைப் பாருங்கள். வெள்ளிக்கிழமை, பாதி வீடுகளில் கவிச்சி சமைக்க மாட்டார்கள். கருவாட்டுக்குப் போடும் அளவுக்குச் சங்கரா மிச்சம் கிடக்கிறது. அட்டையோடு தண்டல்காரப் பையன் வந்து நிற்கிறான்.

“தம்பி, இன்னிக்கு யாவாரமே இல்ல. நாளைக்குச் சேத்து வாங்கிக்கோ.”

“இதத்தானேக்கா நேத்தும் சொன்னீங்க.”

சுருக்குப் பையிலிருந்து நூறு ரூபாய் வெளியே வருகிறது. பத்தாயிரம் தண்டல் என்றால் வட்டியை முதலிலேயே பிடித்துக்கொண்டு எட்டாயிரத்து ஐந்நூறோ ஒன்பதாயிரமோ கையில் தருவார்கள். தினம் நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். புரட்டாசியில் வியாபாரம் படுக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. வரத்து குறைந்து விலை ஏறும். தண்டலுக்குப் புரட்டாசியும் இல்லை, தடைக்காலமும் இல்லை. கந்துவட்டியைத் தடுக்க 2003இல் தமிழ்நாடு இயற்றிய சட்டம் மீட்டர் வட்டி, நாள் வட்டி ஆகியவற்றோடு தண்டலையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஆனாலும் வங்கி திறக்காத விடியற்காலையில் சரக்கெடுக்கப் பணம் தருவது தண்டல்தான்.

இந்த நிலை மூளையை என்ன செய்கிறது என்பதை அளந்த ஆய்வு விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் நடந்தது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவ் ஆகியோர் 54 கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகளிடம் அறுவடைக்கு முன்பும் பின்பும் ஒரே வகைச் சோதனைகளைக் கொடுத்தார்கள். கரும்புக்கு ஆண்டில் ஒருமுறைதான் பணம் வரும். அறுவடைக்கு முன் 78 சதவீதத்தினரின் பொருள் அடகில் இருந்தது. பின் 4 சதவீதம். ஆலையின் வெட்டு உத்தரவு ஆளுக்கொரு சமயத்தில் வருவதால், வெயில், பருவம் ஆகியவற்றின் பாதிப்பைப் பிரித்துப் பார்க்கவும் முடிந்தது. பணம் வந்தபின் அதே ஆள் அதே வகைப் புதிர்களைக் கூடுதலாகச் சரிசெய்தார். 2013இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த இந்த முடிவின் அளவைக் குறித்துப் பிறகு விவாதம் எழுந்தது; இதே கருத்தில் நடந்த பிற சோதனைகள் சிலவற்றில் விளைவு சிறிதாக இருந்தது. ஒரே ஆளை இரு நிலைகளில் வைத்துப் பார்த்தது இதன் பலம். ஏழைகள் யோசிக்காமல் செலவு செய்கிறார்கள் என்று சொல்வதற்கு முன், அவர்களின் யோசனையில் எவ்வளவை அடகுச் சீட்டு தின்கிறது என்று கேட்க அது கற்றுத் தந்தது.

ஒருமுறை கடனை அடைத்துவிட்டால் தீருமா? டீன் கார்லன், செந்தில் முல்லைநாதன், பெஞ்சமின் ரோத் மூவரும் இந்தியாவிலும் பிலிப்பைன்ஸிலும் சந்தை வியாபாரிகளின் கந்துவட்டிக் கடனை முழுவதும் அடைத்துப் பார்த்தார்கள். சென்னை வியாபாரிகளும் அதில் உண்டு. பெரும்பாலானோர் ஆறு வாரத்துக்குள் மீண்டும் கடனில் இருந்தார்கள். கடன் அடைந்தாலும் கையிருப்பு சேரவில்லை. ஒரு காய்ச்சல், ஒரு காதுகுத்து, வியாபாரம் இல்லாத ஒரு வாரம் போதும்.

ஒடிசாவில் தையல் இலை செய்யும் தொழிலாளர்களிடம் சுப்ரீத் கௌர், முல்லைநாதன், சுவான்னா ஓ, ஷில்பாக் நடத்திய சோதனை இன்னும் எளிமையானது. கூலி விகிதத்தை மாற்றவில்லை. மொத்தச் சம்பளத்தையும் மாற்றவில்லை. கடைசியில் தர வேண்டிய பணத்தில் ஒரு பகுதியைச் சிலருக்கு முன்னதாகவே கொடுத்தார்கள். பணம் கையில் வந்ததும் அவர்களின் வேலை வேகம் கூடியது. கவனக்குறைவால் வரும் தவறுகள் குறைந்தன. மனத்தில் சுழன்றுகொண்டிருந்த ஒரு கணக்கு தீர்ந்ததால் வந்த வேகம் அது.

அப்படியானால் மகிழ்ச்சி?

உலக மகிழ்ச்சி அறிக்கையின் 2024 பட்டியலில் 143 நாடுகளில் இந்தியா 126ஆவது இடம். அந்தத் தரவரிசைக்கு ஒரே கேள்விதான் அடிப்படை. பூஜ்யம் முதல் பத்து வரை படிகள் உள்ள ஓர் ஏணியில் உங்கள் வாழ்க்கை எந்தப் படியில் நிற்கிறது? இப்படிக் கேட்டால் தன்னைவிட மேலே இருப்பவர்களைப் பார்த்துப் பதில் சொல்லத் தோன்றலாம். அன்றைய பொழுது எப்படிப் போனது என்பது வேறு கேள்வி.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கொல்கத்தாவில் பார்க்கலாம். அங்கே குடிசைவாசிகள், நடைபாதையில் வாழ்வோர், பாலியல் தொழிலாளிகள் என 83 பேரிடம் ராபர்ட் பிஸ்வாஸ்-டீனரும் எட் டீனரும் நடத்திய ஆய்வு 2001இல் வெளியானது. மொத்த வாழ்க்கையைப் பற்றிக் கேட்டபோது பதில் நடுநிலைக்குச் சற்றுக் கீழே இருந்தது. குடும்பம், நட்பு, தன் ஒழுக்கம் என்று தனித்தனியாகக் கேட்டபோது நிறைவு தெரிந்தது. வறுமை சுகமானது என்று இதற்குப் பொருளில்லை. அழுத்தமும் மகிழ்ச்சியும் ஒரே தராசின் இரு தட்டுகள் இல்லை. ஒன்று ஏறினால் மற்றது தானாக இறங்கிவிடாது. லசாரஸின் குழு இரண்டுக்கும் தனிப் பட்டியல் போட்டதன் நியாயம் இங்கே விளங்குகிறது.

மீன்காரப் பெண் டீ குடிக்கப் போகும்போது பக்கத்துத் தட்டுக்காரி அவருக்கும் சேர்த்து விற்றுத் தருகிறார். பள்ளி விட்டு வரும் பிள்ளைக்கு எதிர்வீட்டு ஆயா கதவைத் திறந்து விடுகிறார். மளிகைக் கடையில் கணக்கு நோட்டு இருக்கிறது. இவற்றைக் காசு கொடுத்து வாங்க முடியாது. ஓரிடத்தில் பல ஆண்டுகள் இருந்தால்தான் சேரும். கூவத்தைச் சீரமைப்பதற்காகக் கரையோரக் குடியிருப்புகள் அகற்றப்பட்டபோது உடைந்தது இந்த ஏற்பாடுதான். தீவுத்திடல் பக்கமிருந்த சத்தியவாணி முத்து நகர் மக்கள் 2019 டிசம்பர் முதல் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டார்கள். அங்கே கான்கிரீட் வீடும் தனிக் கழிப்பறையும் கிடைத்தன. ஆனால் வேலையும் பழகிய பள்ளியும் இருபது கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போயின.

டேனியல் கானமன் குழுவினர் 2004இல் டெக்சஸ் மாநிலத்தில் வேலைக்குப் போகும் 909 பெண்களிடம் முந்தைய நாளை நிகழ்வு நிகழ்வாக நினைவுகூரச் சொன்னார்கள். மனம் மிகவும் சோர்ந்திருந்த பொழுது காலையில் வேலைக்குப் போகும் பயணம். மனம் மலர்ந்திருந்த பொழுதுகளில் பெரும்பாலும் பக்கத்தில் பிரியமானவர்கள் இருந்தார்கள். மறுகுடியேற்றம் இரண்டையும் ஒரே அடியில் மாற்றிவிடுகிறது: பயணம் கூடுகிறது, பழகிய முகம் குறைகிறது. வீட்டின் சதுர அடியை மட்டும் கணக்கெடுக்கும் திட்டத்தில் இந்த இழப்புக்கு இடமே இல்லை.

செலவு யார் கணக்கில்?

தமிழ்நாடு எடுத்த இரண்டு முடிவுகளை மனநல நடவடிக்கை என்று யாரும் அழைத்ததில்லை, அழைத்திருக்கலாம். 2021 மே மாதம் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு, ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்றது. ஒவ்வொரு முறை வெளியே கிளம்பும்போதும் போட வேண்டியிருந்த ஒரு கணக்கு ஒழிந்தது என்பதை அந்தத் தொகை காட்டாது. அதே ஆண்டு செப்டம்பரில் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டு, ஊழியர்களுக்கு இருக்கை தருவது கட்டாயமாக்கப்பட்டது. கேரளம் 2018இலேயே இதைச் செய்திருந்தது. தியாகராய நகர் ஜவுளிக் கடைகளில் நாளெல்லாம் நின்றே சேலை விரித்துக் காட்டும் பெண்களை நினைத்தால் இந்தத் திருத்தத்தின் அருமை தெரியும். நாற்காலி போட்டிருப்பதும், மேலாளர் முறைக்காமல் அதில் உட்கார முடிவதும் வேறு வேறு என்பதையும் அந்தப் பெண்களே சொல்வார்கள்.

அழுத்தம் முற்றி நோயானவர்களுக்கு மருத்துவமும் ஆலோசனையும் வேண்டும். அதில் சென்னைக்குப் பெருமைக்குரிய மரபு உண்டு: மருத்துவர் சாரதா மேனன் 1984இல் மனநலச் சேவைக்கான ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கினார், தற்கொலையைத் தடுக்க மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் சினேகாவைத் தொடங்கினார். ஆனால் நோய்க்கு முந்தைய படியில் நிற்கும் லட்சக்கணக்கானவர்களை ஆலோசனை அறைக்குள் அடைக்க முடியாது. அவர்களுக்கு வேண்டியது நாளின் நடுவே குறுக்கீடில்லாத கொஞ்ச நேரம், நிறுத்தக்கூடிய சத்தம், முன்கூட்டியே தெரிந்த வருமானம், கூப்பிட்ட குரலுக்கு வரும் அக்கம்பக்கம்.

இவை எதுவும் இலவசமாக வராது. பிற்பகல் அரை மணி நேரத் தூக்கத்தால் வேலைத்திறன் கூடும் என்பதைச் சென்னை ஆய்வு காட்டிவிட்டது. அந்த அரை மணி நேரத்துக்கான கூலியை முதலாளி தந்தால் தொழிலாளி படுப்பார், தராவிட்டால் கண் எரிய வேலை செய்வார். தண்டவாளத்தின் இரைச்சலை ரயில்வே குறைக்கலாம். கொசுவை மாநகராட்சி குறைக்கலாம். விடியற்காலைச் சரக்குக்கு நியாயமான வட்டியில் கடன் தரக் கூட்டுறவு வங்கி முன்வரலாம். மனநல நாள் கூட்டங்களுக்கு ஆண்டுதோறும் மனநல மருத்துவரை அழைத்துப் பேச வைக்கிறோம். இனி அவரோடு மாநகராட்சிப் பொறியாளரையும் தொழிலாளர் துறை ஆய்வாளரையும் கூப்பிட்டு, அவர்களிடமும் கேள்வி கேட்க வேண்டும்.